சாட்சிக்கு ஒரு ஆள்

அந்த அழைப்புகளை நிறுத்தியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். நிறுத்தியும் காட்டினேன். ஒரு வேலையைச் சரியாகச் செய்துமுடித்துவிட்டு, அதன் பிறகு ஓர் இடத்தில் இருக்கமுடியாமல் நான் அலைந்தது அந்த ஒரு தடவைதான்.

நான் அம்புலன்ஸில் வேலை செய்கிறேன். மருத்துவரும் இல்லை, தாதியும் இல்லை. விழுந்தவரையும் அடிபட்டவரையும் ஆஸ்பத்திரி வாசல்வரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குப் பயிற்சி பெற்றவள். என்னோடு சாரதியாக இருப்பவர் குருநகர் அண்ணை ஒருவர். வண்டியை எடுக்கும்போது ஒரு சிலுவைக்குறி, நிறுத்தும்போது ஒரு சிலுவைக்குறி. நடுவில் எதற்கும் பதறாத மனிதர். நான் அப்படியில்லை. வயிற்றுக்குள்ளேயே நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் என்று கரவெட்டியில் என் அம்மா சொல்லிச் சிரிப்பார். வேலைநேரத்தில் அவர் அழைத்து "சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்டால், "இப்ப உதுதான் முக்கியமோ அம்மா?" என்று எரிந்துவிழுந்து வைத்துவிடுவேன். ஒவ்வொரு நாளும் கேட்பார். ஒவ்வொரு நாளும் எரிந்துவிழுவேன்.

எங்கள் வண்டி நல்லூர்ப் பக்கம் ஒரு வளவில் நிற்கும். அழைப்பு கொழும்பில் போய் விழும். அங்கே விபரம் கேட்டு எழுதி, எங்கள் கையில் இருக்கும் கருவிக்கு அனுப்புவார்கள். வந்தால் போகவேண்டும், உண்மையா பொய்யா என்று ஆராய்வது எங்கள் வேலை அல்ல. அந்தக் கருவியில் எனக்குக் கண்ணில் காட்டக்கூடாத வரி ஒன்று உண்டு. "வீதியோரத்தில் ஒருவர் நினைவின்றிக் கிடக்கிறார்." சங்கை ஊதிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால், பெரும்பாலும் அவர் நித்திரை.

மேசன் வேலைக்கு வந்தவர் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வேப்பமரத்தின் கீழே சரிந்திருப்பார். தோட்டத்துக்கு நீர் இறைத்துவிட்டு வந்தவர் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் நிழலில் கிடப்பார். வீடு வாசல் இல்லாதவர் பஸ் நிலைய வாங்கில் சுருண்டிருப்பார். அழைத்தவர் அங்கே இருக்கமாட்டார். திருப்பி எடுத்துக் கேட்டால், "நான் பஸ்ஸிலை போகேக்கை கண்டனான், இப்ப கொடிகாமம் தாண்டிட்டன்" என்பார். கண்டவர் இறங்கித் தோளைத் தட்டி "என்னண்ணை, சுகமோ?" என்று கேட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அதைச் செய்யமாட்டார்கள். தொடாமல் புண்ணியம் தேடுகிற வழி எங்கள் சனத்துக்கு வடிவாகத் தெரியும். ஒரு தடவை பஸ் நிலையத்தில் நாங்கள் எழுப்பிய ஒருவர், "ஞாயிற்றுக்கிழமையும் மனிசனைப் படுக்க விடமாட்டியளோ?" என்று கேட்டார்.

அண்ணை இதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். வண்டி கிட்டப் போகும்போதே கண்ணாடிக்குள்ளால் குனிந்து பார்ப்பார், ஆளை அல்ல, செருப்பை.

"செருப்பைப் பார் தங்கச்சி. விழுந்தவன்ரை செருப்பு ஒண்டு அங்கை கிடக்கும், ஒண்டு இஞ்சை கிடக்கும். கழட்டி நேரா வைச்சிட்டு ஆரும் மயங்கி விழமாட்டாங்கள்."

அந்தச் சட்டம் பிழைத்து நான் கண்டதில்லை. செருப்பு சிதறிக் கிடந்தால் நான் பையைத் தூக்கிக்கொண்டு பாய்வேன். செருப்பு சோடியாக நேராக இருந்தால் மெதுவாக இறங்குவேன். மெதுவாக என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் சொல்லவந்த ஐயாவின் செருப்பு எப்போதும் நேராக இருந்தது.

அவர் படுத்திருந்தது பூட்டிக் கிடக்கும் ஒரு புடைவைக்கடையின் விறாந்தையில். எதிர்ப்பக்கம் ஒரு ரியூசன் கொட்டகை. பின்னேரத்தில் அந்த வீதி முழுக்கச் சைக்கிளும், பிள்ளையை ஏற்றவந்த தாய்மாரின் ஸ்கூட்டிகளும் நிற்கும். ஐயாவுக்கு எழுபதைத் தொடும் வயது. இரவில் நாயும் நுளம்பும் விடாது என்று நடந்து திரிவார், பகலில்தான் படுப்பார். அதுவும் வெள்ளை வேட்டியால் தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு, மல்லாந்து. பார்க்கிறவருக்கு ஒரு பூமாலைதான் குறை.

முதல் தடவை நான் வேட்டியை விலக்கியபோது அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நான் இன்னும் சாகேல்லை. செத்தால் சொல்லியனுப்புறன்."

அண்ணை சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களுக்கு முறை என்று ஒன்று இருக்கிறது. எழுப்பியவரைச் சும்மா விட்டுவிட்டு வரமுடியாது. பிறஷர் பார்க்கவேண்டும், விரலில் குத்திச் சீனி பார்க்கவேண்டும், ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லவேண்டும். மாட்டேன் என்றால் அதற்கொரு படிவம். "எனது சொந்த விருப்பில் மறுக்கிறேன்" என்று அவர் கையெழுத்து வைக்கவேண்டும். கீழே சாட்சி ஒருவரின் கையெழுத்தும் தொலைபேசி இலக்கமும் வேண்டும்.

பொதுவாக இந்தப் படிவத்தை நீட்டினால் ஆட்கள் பார்க்காமலே கிறுக்கித் தருவார்கள். ஐயா அப்படியல்ல. சட்டைப்பையிலிருந்து ஒரு காதில்லாத மூக்குக்கண்ணாடியை எடுத்துப் பிடித்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து வாசித்தார். வாசித்துவிட்டுப் பேனாவை வாங்கவில்லை.

"சாட்சி எங்கை?"

"நீங்கள் வையுங்கோ ஐயா, பிறகு ஆரையும் பிடிப்பம்."

"அது சரிவராது. காணி உறுதி எழுதினாலும் ஒண்டுதான், உது எழுதினாலும் ஒண்டுதான். சாட்சி முன்னாலை வந்து நிக்கவேணும்."

நான் வீதியைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன்: "சாட்சிக்கு ஒரு ஆள் வாங்கோ!" அதுவரை கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் கலைந்த வேகத்தைச் சொல்லி மாளாது. கடைசியில் ஸ்கூட்டிகளின் நடுவிலிருந்து ஒரு பெண் வீதியைக் கடந்து வந்தார். ஹெல்மெற்றைக் கழற்றவில்லை, கண்ணாடியைக்கூட உயர்த்தவில்லை. குனிந்து கையெழுத்து வைத்தார், இலக்கத்தை எழுதினார். போகும்போது என்னிடம் மெல்லக் கேட்டார்.

"பிறஷர் எவ்வளவு மிஸ்?"

"அது வருத்தக்காரற்றை விசயம் அக்கா. எங்களுக்குச் சொல்லேலாது."

முகத்தில் அடித்தமாதிரிச் சொன்னேன். ஊர்ப்புதினம் கேட்டுத் திரியும் இன்னொரு விடுப்புக்காரி என்று நினைத்தேன். விடுப்புப் பார்க்கிறவர்களில் கையெழுத்துப் போடவாவது இவர் வந்தாரே என்று ஒரு மூலையில் நன்றியும் இருந்தது.

அதன் பிறகு அந்த விறாந்தை எங்கள் தலையில் எழுதிய எழுத்தாகப் போய்விட்டது. கிழமைக்கு ஒரு தடவை, சில கிழமை இரண்டு தடவை, மூன்றரை மணிக்குக் கிட்ட அதே வரி வரும். அதே விறாந்தை, அதே வேட்டி. பக்கத்தில் மண்ணிறத்தில் ஒரு சோடி இறப்பர் செருப்பு, கோடு கீறி வைத்தமாதிரி. அண்ணை கண்ணாடிக்குள்ளால் பார்த்து, "நேரா இருக்கு" என்பார். நான் இறங்குவேன். பிறஷர், சீனி, படிவம். "சாட்சி எங்கை?" என்று அவர் கேட்பார். நான் கத்துவேன். ஹெல்மெற் அக்கா வருவார். ஏழெட்டுத் தடவையாவது இருக்கும். கடைசித் தடவைகளில் நான் வேட்டியை விலக்கமுன்பே "எழும்புங்கோ ஐயா, உங்கடை ஆக்கள் வந்திட்டம்" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். அவரும் எழும்பி, கேட்காமலே கையை நீட்டுவார். அவருக்கு அதில் ஒரு கோபமும் இருந்ததாகத் தெரியவில்லை. கோபமெல்லாம் எனக்குத்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஐயா வழக்கம்போலப் படிவத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது என் கருவி அடித்தது. உரும்பிராயில் ஒரு சின்னப் பிள்ளைக்கு மூச்சு எடுக்கமுடியவில்லை. நாங்கள் ஒருவரோடு நிற்பதாகப் பதிவு இருந்ததால் அந்த அழைப்பு எங்களுக்கு வரவில்லை. அதை எங்களைவிடத் தூரத்தில் நின்ற வண்டிக்குக் கொடுத்துவிட்டதாகத்தான் அறிவித்தல் வந்தது. எங்களுக்கு அது ஏழு நிமிட ஓட்டம். அந்த வண்டிக்கு எவ்வளவு என்று நான் மனதுக்குள் ஓடிப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஐயா நிதானமாக எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கடதாசியைப் பறித்துக் கிழித்து எறியவேண்டும்போல என் கை துடித்தது.

பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை பிடித்து, சுகமாகி, அடுத்த நாள் வீட்டுக்குப் போய்விட்டது. ஆனால் எனக்கு அன்று முழுக்க அந்தப் பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. நடக்கவில்லை என்பது வேறு. நடந்திருக்கலாம் என்பது வேறு. வளவுக்குத் திரும்பியதும் கொழும்புக்கு எடுத்து, அந்த விறாந்தைக்கு வந்த அழைப்புகளின் இலக்கத்தைக் கேட்டேன். எல்லாம் ஒரே இலக்கம். ஒன்றுகூட வேறில்லை. இரத்தம் தலைக்கு ஏறியது. பக்கத்துக் கடைக்காரன் யாரோ, ஐயாவைக் கிளப்பவேண்டும் என்பதற்காக எங்களை அனுப்பி அனுப்பிக் கரைச்சல் கொடுக்கிறான் என்று முடிவுகட்டினேன்.

"இப்பவே எழுதிக் குடுக்கப்போறன்" என்றேன்.

அண்ணை வண்டியின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பொறு தங்கச்சி. ஆர் எடுக்கினம் எண்டு ஒருக்கா பாத்திட்டு எழுதுவம்."

"பாக்கிறதுக்கு உதிலை என்ன கிடக்கு? உரும்பிராய்ப் பிள்ளை செத்திருந்தால் ஆர் பாக்கிறது?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். நான் இருந்த இருப்பிலேயே எழுதினேன். அவசர சேவையைத் துர்ப்பிரயோகம் செய்தல், வேண்டுமென்றே பொய்த் தகவல் கொடுத்தல் என்று எனக்குத் தெரிந்த பெரிய சொற்கள் எல்லாவற்றையும் போட்டேன். மேலே இருந்தவர்கள் அந்த இலக்கத்துக்கு எடுத்து, இன்னொரு தடவை நடந்தால் பொலிசுக்குக் கொடுப்போம் என்று எச்சரித்துவிட்டதாக இரண்டு நாளில் பதில் வந்தது.

அழைப்புகள் நின்றன.

முதல் கிழமை வெற்றிக் களிப்பு. இரண்டாம் கிழமை, மூன்றரை மணியானால் எனக்குக் கருவியில் கை போனது. வரவில்லை என்றால் நல்லதுதானே, ஏன் பார்க்கிறாய் என்று என்னையே ஏசிக்கொண்டேன். ஒருநாள் ஆஸ்பத்திரியில் ஒருவரை இறக்கிவிட்டு அந்த வீதியால் திரும்பினோம். ஐயா படுத்திருக்கவில்லை. விறாந்தையில் நிமிர்ந்து இருந்து, வீதியின் எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் கழித்து, அதே நேரம், அதே இருப்பு. பகலில் நித்திரை கொள்கிற மனிதர், அந்த நேரத்துக்கு மட்டும் எழும்பி இருக்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரியவில்லை.

"அண்ணை, ஓரமா நிப்பாட்டுங்கோ. ஒரு நிமிசம்."

என்னைக் கண்டதும் ஐயா கையை நீட்டினார், பிறஷர் பட்டி கட்டுவதற்கு. என்னிடம் பை இல்லை என்று கண்டு கையை மடக்கிக்கொண்டார்.

"நீங்கள் இப்ப வாறேல்லை" என்றார்.

"ஆரும் கோல் எடுக்கேல்லை ஐயா."

"ஓமோ. உங்களுக்கும் வேற வேலையள் இருக்குந்தானே."

அந்தக் குரலில் என்ன இருந்தது என்று பிடிபடாமல் குனிந்தேன். குனிந்தபோது செருப்பைக் கண்டேன். அது அன்றுதான் கண்டதல்ல. இத்தனை நாளும் கண்ணால் கண்டு, கணக்கில் சேர்த்து, அதை நம்பித்தான் மெதுவாக இறங்கியிருக்கிறேன். கையில் எடுத்துப் பார்த்தது அன்றுதான். அடிப்பக்கத்தில் விலை ஒட்டிய துண்டு அப்படியே இருந்தது. ஒரு மண் இல்லை, ஒரு தேய்வு இல்லை. ஐயாவின் காலைப் பார்த்தேன். குதிக்கால் வரம்பு வெடித்தமாதிரி வெடித்து, தார் அப்பியிருந்தது.

"ஐயா, உது ஆற்றை செருப்பு?"

"தெரியாது பிள்ளை. நான் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கேக்கை ஆரோ கொண்டுவந்து வைக்கினம். நான் போடுறேல்லை."

"ஏன் ஐயா? உங்களுக்கெண்டுதானே வைக்கினம்."

"ஒருத்தருக்குக் குடுத்தது குடுத்ததுதான். அதிலையிருந்து திருப்பி ஒண்டும் வாங்கப்படாது" என்றார். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

வண்டியில் ஏறி அண்ணையிடம் சொன்னேன். அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். "செருப்பைப் பாத்த நான், ஆர் வைச்சது எண்டு பாக்கேல்லையே தங்கச்சி" என்றார். கழற்றியவர்தான் நேராக வைப்பார் என்று நாங்கள் இருவரும் நம்பியிருந்தோம். வேறொருவர் குனிந்து, அவர் எழும்பிவிடாமல், சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போகலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அப்போதுதான் படிவப் புத்தகம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு பிரதி வண்டியிலேயே இருக்கும். ஓடுகிற வண்டியில் ஒவ்வொன்றாகப் பிரட்டினேன். சாட்சியின் கையெழுத்து எல்லாவற்றிலும் ஒன்று. அதன் கீழே தொலைபேசி இலக்கம். நான் துர்ப்பிரயோகம், பொய்த் தகவல் என்று எழுதிக் கொடுத்த அதே இலக்கம். என் கண்ணுக்கு முன்னால், என் பேனாவால், என் படிவத்தில், ஏழெட்டுத் தடவை எழுதிய இலக்கம். நான் ஒரு தடவைகூட அதை வாசிக்கவில்லை. ஐயா ஒரு சொல் விடாமல் வாசித்த கடதாசியை நான் மடித்து மடித்து வைத்திருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பிரதிகளின் மேலே ஐயாவின் பிறஷரை நானே எழுதியிருந்தேன். ஒன்றின் பின் ஒன்றாகப் பார்த்தால் அதுவும் படிப்படியாக ஏறிக்கொண்டு வந்திருந்தது. அதையும் நான் கவனிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. மூன்று மணிக்கே ரியூசன் கொட்டகைக்கு அப்பால், ஐயாவின் கண்ணில் படாத ஒரு மதிலடியில் போய் நின்றேன். ஒரு காலில் நின்று, மற்றக் காலில் நின்று, போனைப் பார்த்து, ஒரு பக்கற் கச்சானைத் தின்று முடித்தேன். ஹெல்மெற் அக்காவின் ஸ்கூட்டி வந்தது. என்னைக் கண்டதும் அவர் வந்த வழியே ஸ்கூட்டியைத் திருப்பப் பார்த்தார். நான் முன்னால் போய் மறித்தேன்.

"நான் இப்ப எடுக்கிறேல்லை மிஸ்" என்றார், நான் வாய் திறக்கமுன்பே. "சத்தியமா எடுக்கேல்லை. பொலிசிலை குடுப்பம் எண்டவை."

"எழுதிக் குடுத்தது நான்தான் அக்கா."

அவர் ஹெல்மெற்றைக் கழற்றினார். நாற்பது வயது இருக்கும். அந்த மூக்கையும் நெற்றியையும் நான் விறாந்தையில் பலதடவை பார்த்திருக்கிறேன்.

"என்ரை அப்பா" என்றார்.

வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தவர் ஐயா. மகளோடும் மருமகனோடும் அந்த வீட்டிலேயே பன்னிரண்டு வருசம் இருந்திருக்கிறார். ஒருநாள் மத்தியானம், மீன் குழம்பில் உப்புக் குறைவு என்று ஐயா சொல்ல, சும்மா இருந்து சாப்பிடுகிறவர்கள் இருக்கிறதைச் சாப்பிடலாம்தானே என்று மருமகன் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அரைவாசிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழும்பினார். வீடு உன்னுடையது, நான் எழுதித் தந்தது, இனி அதில் எனக்கு ஒரு பிடி சோறும் வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் படலையைத் தாண்டினார். சுன்னாகம் சந்தையடியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு மகள் போய்க் கையைப் பிடித்துக் கூப்பிட்டார். அடுத்த நாள் அவர் அங்கே இல்லை. கொடிகாமத்தில் கண்டுபிடித்தார், அங்கிருந்தும் போய்விட்டார். பிறகு ஆறேழு மாதம் ஒரு தகவலும் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் மகனுக்கு இந்தக் கொட்டகையில் ரியூசன். அவனைக் கொண்டுவந்து விட்ட ஒருநாள், எதிர் விறாந்தையில் மூடிக் கிடந்த உருவத்தின், வேட்டி விலகித் தெரிந்த காலைப் பார்த்தார். மற்றவர்களுக்குப் பிணம்போலத் தெரிந்தது, அவருக்கு அப்பாவின் கால் என்று தெரிந்தது.

"கிட்டப் போனால் எழும்பிப் போயிடுவார் மிஸ். செருப்பைக்கூட அவர் நித்திரையாக் கிடக்கேக்கைதான் வைச்சிட்டு வந்தனான். இந்தமுறை போனால் நான் எங்கை தேடுறது? நீங்கள் வந்தால் பிறஷர் பாப்பியள், சீனி பாப்பியள். ஏதும் எண்டால் ஏத்திக்கொண்டு போவியள். எனக்கு அது காணும். பிறகு சாட்சி எண்டு கூப்பிட்டியள். ரண்டு நிமிசம் கிட்ட நிக்கலாமெல்லே. வேர்வை மணக்கிற தூரத்திலை."

"அவருக்குத் தெரியாதோ?"

"ஹெல்மெற் கழட்டமாட்டன். வாயும் திறக்கமாட்டன். பிறஷரைக்கூட உங்களிட்டை ரகசியமாத்தானே கேட்டனான்."

அன்று நான் அதைச் சொல்ல மறுத்தது அவர் முகத்தைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அண்டைக்கு உரும்பிராயிலை ஒரு பிள்ளை மூச்செடுக்க ஏலாமல் கிடந்தது அக்கா. நாங்கள் உங்கடை அப்பாவோடை நிண்டம்."

அவருக்கு முகம் வெளிறிவிட்டது. "பிள்ளை?"

"தப்பியிட்டுது."

அவர் ஸ்கூட்டியின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் செய்தது பிழை. நான் எழுதியது பிழையில்லை. அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. திரும்ப அழையுங்கள் என்று சொல்லவும் முடியாது, இனித் தூர நின்று பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. வீடுவரை போகும் பஸ்ஸில் எனக்கு இருக்கை கிடைத்தும் நின்றுகொண்டே போனேன்.

பிறகு, ஆத்திரத்தில் எழுதியவள் ஆத்திரத்திலேயே ஒரு முடிவு எடுத்தேன். சொந்தமாக ஒரு பிறஷர் கருவி வாங்கினேன். எழுத்துப் பிழைத்துக் குறுக்கே கோடு கீறி ஒதுக்கிய பழைய படிவம் ஒன்று படிவப் புத்தகத்தின் பின்னால் கிடந்தது. அதை மடித்துக் கைப்பையில் வைத்தேன். அடுத்த லீவும் வெள்ளிக்கிழமைதான். சீருடை இல்லை, வண்டி இல்லை. சல்வாரோடு போய் விறாந்தைப் படியில் இருந்தேன். ஐயா விழித்துத்தான் இருந்தார்.

"வண்டி எங்கை பிள்ளை?"

"இண்டைக்கு வண்டி இல்லை ஐயா. நான் மட்டும்தான். கையைத் தாங்கோ."

தந்தார். பிறஷர் கூடத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து எடுக்கவேண்டும் என்று சொன்னேன். வேண்டாம் என்றார். அப்படியென்றால் எழுதித் தரவேண்டும் என்று படிவத்தை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வாசித்தார். குறுக்கே கீறிய கோட்டை நிச்சயம் கண்டிருப்பார். வாசித்து முடித்து என்னைப் பார்த்தார்.

"சாட்சி எங்கை?"

நான் எழும்பி நின்று வீதியைப் பார்த்துக் கத்தினேன். "சாட்சிக்கு ஒரு ஆள் வாங்கோ!" ரியூசன் வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமில்லை. ஸ்கூட்டிகளின் நடுவிலிருந்து ஹெல்மெற் அக்கா இறங்கி வீதியைக் கடந்து வந்தார். குனிந்தார். கையெழுத்து வைத்தார். இலக்கத்தை எழுதும்போது ஒரு எண்ணை வெட்டி மறுபடி எழுதினார். பேனாவை என்னிடம் தராமல் ஐயாவின் பக்கம் படியில் வைத்தார்.

ஐயா பேனாவை எடுத்தார். கையெழுத்து வைக்கவில்லை. படிவத்தைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார்.

"பிள்ளை, சாட்சி மத்தியானம் சாப்பிட்டவவோ எண்டு கேளுங்கோ."

அந்த அக்கா ஒரு முழத் தூரத்தில் நிற்கிறார். நான் விசரி மாதிரி அவர் பக்கம் திரும்பி, "மத்தியானம் சாப்பிட்டியளோ அக்கா?" என்று கேட்டேன்.

ஹெல்மெற்றுக்குள் இருந்து வந்த குரல் உடைந்திருந்தது. "இன்னும் இல்லை எண்டு சொல்லுங்கோ மிஸ்."

"இன்னும் இல்லையாம் ஐயா."

அவர் மெதுவாகத் தன் பெயரை எழுதி, கீழே கோடு இழுத்து, படிவத்தை மடித்து என் கையில் தந்தார். செருப்பு பக்கத்தில் அப்படியே நேராக இருந்தது. அதை அவர் தொடவில்லை. வேட்டியை உதறி, படுப்பதற்குச் சரிந்துகொண்டே சொன்னார்:

"போய் முதல்லை சாப்பிடச் சொல்லுங்கோ. செவ்வாய்க்கிழமையும் சாட்சி வேணும்."